அஸ்டா என்ற வழிகாட்டி நாயை என்னிடமே விட்டுவைக்கக் கோருதல்

அனுப்புநர்:
சீக்பெர்ட் இஸ்ரேல் லெவ்கோவிட்ஸ்,
யூதர், அடையாள அட்டை எண் 04417,
பிரெஸ்லாவ்.
('இஸ்ரேல்' என்ற நடுப்பெயர் யூத ஆண்களுக்கெல்லாம் சட்டம் கொடுத்தது, என் தகப்பனார் வைத்ததல்ல.)

பெறுநர்:
யூதர்களின் வளர்ப்பு விலங்குகளை ஒப்படைக்கப் பெறும் அலுவலர் அவர்கள்,
பிரெஸ்லாவ்.

பொருள்: பார்வையற்ற முன்னாள் படைவீரரின் வழிகாட்டி நாய்க்கு விலக்கு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1917-இல் அராஸ் போர்முனையில் நச்சுப்புகையால் என் இரு கண்களும் போயின. இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்றேன். 1934-இல் போரில் ஊனமுற்றோர் நல அலுவலகம் அஸ்டாவை எனக்கு அளித்தது.

2. மறு ஆண்டே குடியுரிமையும் வாக்கும் போயின. அந்த ஆண்டு முடிவில் தொலைபேசி இணைப்பாளர் வேலையும் போயிற்று. பிறகு வானொலி, டிராம், பூங்கா. எதற்கும் நான் மனு எழுதியதில்லை.

3. கடந்த மார்ச்சில் தெருவோரம், யூதர் உட்காரக் கூடாதென்று பலகை மாட்டிய ஒரு காலி இருக்கையில் அஸ்டா என்னை உட்கார வைத்தது. அது பழக்கப்பட்ட வேலை. அங்கு வந்த காவலர், "ஏய், பலகையில எழுதியிருக்கிறது உனக்குத்தான் தெரியல, உன் நாய்க்குமா தெரியல?" என்று கேட்டு அதன் விலாவில் உதைத்தார். சுற்றிலும் சிரித்தார்கள். சீருடைக்காரர்களை நோக்கிக் குரைக்கக் கூடாதென்று கற்பிக்கப்பட்டிருந்ததால் அது குரைக்கவில்லை.

4. இம்மாதம் விலங்குகளைப் பதிவு செய்ய ஆணை வந்தது. அஸ்டா என்னிடமிருப்பதை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. என் மனைவி கேத்தே, "வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன், உங்கள யாரு கேட்டா?" என்றாள். சட்டம் சட்டந்தான் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். படிவத்தில் வளர்ப்பு விலங்கு 'இல்லை' என்றும், குறிப்பில், 'அரசு வழங்கிய பணி நாய் ஒன்று உண்டு' என்றும் நானே சொல்லி எழுதவைத்தேன். அதைப் பார்த்துத்தான் அஸ்டாவை ஒப்படைக்கும்படி தங்கள் உத்தரவு வந்தது. அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தருகிறாள், அவ்வளவுதான். இந்த வரியை வேண்டாமென்று என் கையைத் தட்டினாள். எழுது என்றேன்.

5. நேற்று விளக்கம் சொல்லத் தங்கள் அலுவலகம் வந்தேன். எழுத்தர், "நாய் இல்லாட்டி என்ன, சுவரத் தடவிக்கிட்டுப் போ" என்றார். வேறு யாரிடமாவது கொடுத்து வளர்க்கலாமா என்றதற்கு, கூடாது, ஒப்படைக்கும் இடத்திலேயே ஊசி போட்டுக் கொன்றுவிடுவோம் என்றார். "உனக்கு நல்லதாப் போச்சு, அது சாகறத நீ பாக்க வேண்டியதில்ல" என்றும் சொன்னார். அவர் வயதில் இளையவர் என்பது குரலில் தெரிந்தது.

6. உத்தரவுப்படி வியாழன் காலை எட்டு மணிக்கு அஸ்டாவை நானே தங்கள் அலுவலக முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனைவி விடியற்காலை ஐந்து மணிக்கே கட்டாய வேலைக்குப் போய்விடுவாள். டிராமில் ஏற எனக்கு அனுமதியில்லை. ஆகவே அந்த முற்றத்துக்கு அஸ்டாதான் என்னை அழைத்துவரும். தவறாமல் அழைத்துவரும், ஐயா.

ஆகையால், இது வளர்ப்பு விலங்கு அல்ல, என் கண் என்று கருதி விலக்களிக்க வேண்டுகிறேன். அது இயலாதெனில், அஸ்டாவின் வாரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டபின், வீட்டுக்குப் போக நான் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமென்று எனக்குச் சொல்லும்படி, அங்கிருப்பவர் ஒருவருக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: பிரெஸ்லாவ்
நாள்: 26.05.1942

பணிவுடன்,
சீக்பெர்ட் இஸ்ரேல் லெவ்கோவிட்ஸ்
(மனைவி கைபிடித்துக் காட்டிய இடத்தில் இட்ட கையொப்பம்)