குண்டு என்றால் பல்ப்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
17.05.2007

அன்புள்ள மகள் துசிக்கு,

யோகன் மாமாவைப் பிடித்துக்கொண்டு போய் இன்றைக்குப் பத்தொன்பது நாள், எங்கட முட்டைப் பெட்டிக்காகத்தான் பிடித்தவர்கள், ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறார், நேற்று என் கண்ணால் கண்டனான், அவரை வெளியில் எடுக்க ஏலும், அதற்குத் தேவையான சாமான் கோலாலம்பூரில் உன்னுடைய அலுமாரிக்குள் கிடக்கிறது.

நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று கோணேசரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதினால் பாதிதான் உண்மை, அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லாததுக்குக் கோபிக்காதே. சோதனை முடியட்டும், படிக்கிற பிள்ளையைக் குழப்பாதேயும் என்று அப்பா சொன்னார், நானும் அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது இருக்க ஏலாது. றஹ்மான் தம்பியின் இன்ரநெற் கடையில் இருந்து அடிக்கிறேன், இரண்டு மணிக்குக் கடை பூட்டிவிடுவார், அதனால் பந்தி பிரித்து, எழுத்துப் பிழை பார்த்து எழுத நேரமில்லை. இடையில் யாராவது இதைத் திறந்து வாசித்தால் வாசிக்கட்டும், ஒளிக்கிறதுக்கு ஒன்றுமில்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் கிண்ணியாவில் றுக்கியா அன்ரிக்கு ஒரு முட்டை பொரிக்கிற பெட்டி செய்து கொடுத்தனான், படமும் அனுப்பினனான், ஞாபகம் இருக்கும். உள்ளுக்குள் சிப்பில் ஏற்றினது நீ பதினைந்து வயதில் எழுதின புரோகிராம்தான், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நாற்பது முட்டை, இருபத்தொரு நாள், சூடு குறைந்தால் பல்ப் எரியும், கூடினால் அணையும், சின்னத் திரையில் இன்னும் எத்தனை நாள் என்று காட்டும். இந்த முறை பதினெட்டாம் நாள், பல்ப்பை எரித்து அணைக்கிற றிலே ஒட்டிக்கொண்டு பல்ப் அணையாமல் எரியத் தொடங்கிவிட்டது. அன்ரி முட்டைகளுக்குப் பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல் வைத்துச் சாக்கால் மூடிவிட்டு, பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் நான் பூட்டி வைத்த அந்தச் சிப், திரை, வயர் எல்லாவற்றையும் அப்படியே கழற்றி மாமாவின் ஓட்டோவில் கொடுத்துவிட்டா. ஒரு மணித்தியாலத்தில் புது றிலே போட்டு முடித்துவிட்டேன். எவ்வளவு சந்தோஷமாய் இருந்தது தெரியுமா. பற்றரியைக் கழற்றினால் நாள் கணக்கு அழிந்து திரும்ப இருபத்தொன்றில் இருந்து தொடங்கும், அதனால் பற்றரி பூட்டினபடியே கொண்டு போ, வழியில் கழற்றிப்போடாதே என்று மாமாவுக்கு இரண்டு தரம் சொல்லி அனுப்பினது நான். நானே கொண்டு போயிருக்க வேண்டும். றிலே ஏன் ஒட்டுகிறது என்று இணைய மன்றத்தில் கேட்டு வைத்த கேள்விக்கு ஆரோ ஒரு பிரேசில்காரன் பதில் போட்டிருக்கிறான் என்று அறிந்து, அதை வாசிக்க இதே கதிரையில் வந்து குந்தினனான். நான் அதை வாசித்துக்கொண்டிருந்த நேரம் மாமா கிண்ணியாவுக்குக் கடக்கிற பாதைப் படகடியில், சோதனைச் சென்றியில் நின்றிருக்கிறார்.

பாதைப் படகில் வேலை செய்கிற ஜெமீல் பக்கத்தில் நின்று கண்டதை அன்ரிக்குச் சொல்லி, அன்ரி எனக்குச் சொன்னா. சென்றியில் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயர், பற்றரி, எரிகிற திரை. வெளிக்காற்றுப் பட்டதும் சூடு குறைந்துவிட்டது என்று சிப் நினைத்து, பல்ப்பை எரியச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்தத் திரையில் தமிழ் வராது என்று நீ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினது தெரியும்தானே. மேல் வரியில் குண்டு ஓன். கீழ் வரியில் இன்னும் மூன்று நாள். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்திருக்கிறார்கள். அவர் வாசித்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனாராம். இது என்ன என்று மாமாவைக் கேட்க, மாமாவும் எங்கட வீட்டுக் கதையிலேயே, ஓம் ஐயா, குண்டுதான், பயப்படாதேங்கோ, இது நூறு வோல்ற் குண்டு இல்லை, சின்னக் குண்டு எண்டு சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு வோல்ற்றும் தெரியாது வாற்சும் தெரியாது, அதுதான் உனக்குத் தெரியுமே. அதோடு பாதையில் நின்ற சனம் எல்லாம் ஓடிவிட்டது, மாமாவை நிலத்தில் குப்புறப் படுக்க வைத்து, பிறகு ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போதும் பல்ப், பல்ப் எண்டு கத்தினவராம்.

அன்றைக்குப் பின்னேரமே அப்பா என்னுடைய மேசையை வழித்துத் துடைத்துவிட்டார். துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் நான் பொறுக்கி வந்த கப்பல் றேடியோத் துண்டுகள், சோல்டர் பண்ணுகிற கம்பி, மீற்றர், எல்லாம் ஒரு அரிசிச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள். சீடீக்கள் அடுப்புக்குள். கொம்பியூட்டரைச் சுத்தியலால் உடைத்து அதையும் கிணற்றுக்குள். இரவு வீட்டைச் சோதிக்க வந்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை, அப்பா செய்தது சரிதான். வாளி விடும்போது அடியில் டங்கென்று தட்டும், அப்போது அப்பா என்னைப் பார்க்கமாட்டார். ஆனால் உன்னுடைய புரோகிராமும் அதோடு போய்விட்டது. சிப்பில் இருந்து திருப்பி எடுக்கவும் ஏலாது, யாரும் கொப்பி அடிக்கக்கூடாது என்று பூட்டுப் போட்டு ஏற்றினதும் நானே. மன்றத்தில் பெரிய ஆட்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்த்துச் செய்தது. இப்போது அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான், ஒளிக்கிறதுக்கு ஒன்றுமில்லாட்டி ஏன் பூட்டினனீங்கள் எண்டு கேட்கிறார்கள்.

கேட்கிறவர் ஒரு இளம் அதிகாரி. ஆளைப் பற்றிக் கெட்டது சொல்ல மாட்டேன், இருக்கச் சொல்லிக் கதிரை தருகிறார், கொஞ்சம் தமிழ் கதைக்கிறார். போன கிழமை றுக்கியா அன்ரி சப்பாத்துப் பெட்டிக்குள் இரண்டு குஞ்சை வைத்துக்கொண்டு கிண்ணியாவில் இருந்து வந்து, மாமாவை வைத்திருக்கிற முகாம் வாசலில் என்னோடு நின்றா. நாற்பதில் இருபத்தாறு பொரித்ததாம், மிச்சம் மூன்று நாளும் சுடுதண்ணியும் சாக்கும்தான். வாசலில் நின்ற பொடியன் ஒருத்தன் துவக்கைத் தோளில் தள்ளிவிட்டுக் குஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தான். அதிகாரியும் பார்த்தார். பார்த்துவிட்டு, அம்மா, குஞ்சை நான் நம்புறன், அந்தச் சொல்லைத்தான் நம்ப ஏலாது எண்டார். அன்ரி விடவில்லை, அப்ப குஞ்சு வெடிக்கும் எண்டு நினைச்சோ இவ்வளவு தூரத்தில வைச்சுப் பாக்கிறீங்கள் எண்டு கேட்டுவிட்டா. அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. புரோகிராம் எழுதின ஆளுடைய கையெழுத்தில், எழுதின காலத்துத் தாள் இருந்தால் கொண்டு வாங்கோ, புதுசா அடிச்சுக்கொண்டு வந்தால் பாக்கமாட்டன் எண்டார். வருகிற புதன்கிழமை மாமாவைத் தெற்குப் பக்கம் அனுப்பப் போகிறார்கள். அங்கே போனால் எந்த ஊர், எந்த மறியல் சிறை என்று நாங்கள் அறியவே வருஷக்கணக்காகும். கட்டைபறிச்சானில் இருந்து ஒரு தாய் தினமும் அந்த வாசலுக்கு வருகிறா, மகனைப் போன தையில் அனுப்பினவர்கள், எங்கே என்று இன்னும் தெரியாது.

நேற்று மாமாவை ஐந்து நிமிஷம் காட்டினார்கள். மெலிந்துவிட்டார். வலக்கையில் இரண்டு விரல் மடங்குதில்லை. முதல் கேட்டது, குஞ்சு பொரிச்சதோ அக்கா எண்டு. ஓம், இருபத்தாறு எண்டேன். பிறகு, துசியின்ர பெயரை நான் சொல்லேல்லை எண்டார். அவ்வளவுதான், நேரம் முடிந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன், கவனமாய் வாசி. சமாதான காலத்தில் கரண்ட் நின்ற நேரங்களில் உன்னைக் குசினி மேசையில் இருத்தி, கொம்பியூட்டர் இல்லாமலே புரோகிராம் எழுதப் பழக்கினேனே, அந்த நீல மட்டைக் கொப்பி. நீ போகும்போது அதைப் பெட்டிக்குள் வைத்தாய், பாரம் கூடும், விட்டுவிட்டுப் போ என்று நான் சொன்னனான், நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லதாய்ப் போய்விட்டது. முதல் நாள் நீ பல்ப் என்றுதான் எழுதினாய். நான்தான் சிரித்துவிட்டு, வீட்டில் நாங்கள் குண்டு பல்ப்பைக் குண்டு என்றுதானே சொல்லுவோம், மெசினுக்கு நீ என்ன பெயர் வைத்தாலும் ஒன்றுதான், பெயரில் ஒன்றுமில்லை, உனக்கு வாய்க்கு வருகிறதை வை என்று சொல்லி வெட்டி எழுத வைத்தனான். நான் உனக்குச் சொல்லித்தந்த முதலாவது பாடமே அதுதான். மெசினுக்கு அது சரி.

இரண்டாவது பாடமும் ஒன்று சொன்னனான். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அரைப்புள்ளி போட்டு, அந்த வரி என்ன செய்கிறது என்று ஒரு குறிப்பு எழுது, எழுதுகிற உனக்கு இன்றைக்குத் தெரியும், பிறகு வாசிக்கிறவனுக்குத் தெரியாது என்று. மற்ற வரிகளுக்கெல்லாம் எழுதினாய், எனக்கு நல்ல ஞாபகம். அந்தக் குண்டு வரிக்கு மட்டும், இது எல்லாருக்கும் தெரியும்தானே அம்மா, இதுக்கும் எழுத வேணுமோ எண்டு நீ முறுகினது ஞாபகம். பிறகு எழுதினாயா, விட்டுவிட்டாயா, அதுதான் எனக்கு வருகுதில்லை. பத்தொன்பது நாளாய் அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன், அரைப்புள்ளி வரைக்கும் வருகிறது, அங்கால் வெள்ளையாய்க் கிடக்கிறது.

கொப்பியை எடுத்து, மட்டையில் இருந்து கடைசித் தாள் வரைக்கும், பல்ப் என்று எழுதி வெட்டின பக்கத்தையும் விடாமல், கலரில் ஸ்கேன் பண்ணி இந்த ஈமெயிலுக்கே அனுப்பு. கொப்பியைக் கூரியரிலும் போடு. குறிப்பு இல்லாவிட்டால் இல்லை என்று எனக்கு எழுது. இப்போது புதிதாய் எழுதிச் சேர்க்காதே பிள்ளை, உன் கை அதுக்குத் துடிக்கும், எனக்குத் தெரியும், என் கையும் துடிக்கும். புது மை தெரிந்துவிடும், தெரிந்தால் அவர் குஞ்சையும் நம்பமாட்டார். உன்னுடைய வகுப்பில் இந்தச் சிப்பைத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரைப் பிடித்து, இந்த எழுத்துச் செய்கிற வேலை சூடு பார்க்கிறதும் நாள் எண்ணுகிறதும் மட்டும்தான் என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் வாங்கு. மன்றத்தில் நீ அறிந்த ஆட்களிடமும் பக்கங்களைக் காட்டு, பத்துப் பேர் என்றாலும் தங்கள் பெயர் போட்டு எழுதட்டும், நூறு பேர் என்றாலும் நல்லது, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அந்த மேசையில் வைப்பேன். மட்டையில் உன் பெயர் இருக்கிறது. அதையும் காட்டத்தான் வேண்டும், எழுதினது என் மகள், பெயர் வைத்தது நான் என்று சொல்லுவேன். அதனால் ஆவணி லீவுக்கு நீ வர வேண்டாம். ரிக்கற் எடுத்திருந்தால் மாற்று. நான் வா என்று எழுதும் வரைக்கும் வராதே, ஆர் போன் எடுத்துக் கூப்பிட்டாலும், அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொன்னாலும் வராதே.

வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு இருக்காதே, அழுகிற நேரத்தில் ஸ்கேன் பண்ணு. உனக்கு ஒரு குறையும் வராமல் கோணேசர் துணை நிற்பார், மாமாவின் ஆசியும் உனக்கு உண்டு என்று வைத்துக்கொள். நாளைக்குக் காலமை கடை திறக்கும்போதே வந்து நிற்பேன், உன் பதிலைப் பார்க்காமல் போகமாட்டேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
கமலேஸ்வரி

பி.கு. பதினோராம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. மற்ற வேலை எல்லாம் பிறகு, முதலில் அதைப் பார்த்து, எழுதியிருக்கிறாயா இல்லையா என்று ஒரு சொல் அனுப்பு.