மேஜை விரிப்பான வேட்டி

நார்வே ஆசாரி அவர்களே,

நேற்று உங்கள் மூத்த மகள் வந்திருந்தாள். நீங்கள் கண்ணை மூடியபிறகு அம்மா தன்னோடு குடிவருகிறாள், பெரிய மேஜைக்கு அங்கே இடமில்லை என்று சொல்லி, தேய்த்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை என் கையில் கொடுத்தாள். விரித்துப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. நான் வைத்த மீன் குழம்பு! எத்தனை தடவை துவைத்திருப்பீர்கள், போகவில்லை பாருங்கள். சிரிப்பு வந்தது. அவள் கிளம்பியதும் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

'ஆசாரி' என்பது எங்கள் வீட்டில் உங்களுக்கு வைத்த பேர். எங்கள் நாகர்கோவிலில் மரவேலை செய்பவரை அப்படித்தான் சொல்வோம். இளவயதில் நார்வேயிலிருந்து வந்து, இங்கே பிளசன்டனில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவர் நீங்கள். முதல் நாள் எங்கள் வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். சொல்லாமலே செருப்பைக் கழற்றிய முதல் வெள்ளைக்காரர்! அன்றைக்கே வேலையை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்காகத்தான் கீழே அந்த அறையைக் கட்டச் சொன்னேன். இடுப்பெலும்பு முறிந்து தேறியவர், மாடிப்படி ஏற முடியாது. எங்கள் வீட்டிலோ படுக்கையறை எல்லாம் மாடியில். அம்மா இறந்தபிறகு அவரை இங்கே வரச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால் அதையே சாக்காக வைத்து வரவே மாட்டார். எனக்குத் தெரியாதா எங்கள் அப்பாவை!

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சுவர்ச் சட்டங்கள் நின்றன, மேலே வானம். கூரை ஏறிவிட்டால் மழையிலும் உள்ளே வேலை நடக்கும், ஏறாவிட்டால் அப்பா வருவதற்குள் முடியாது. சனிக்கிழமை ஒருநாள் வெயில், ஞாயிற்றுக்கிழமை மறுபடி மழை என்று டிவியில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை உங்களைப் பிடித்தேன்.

"நாளைக்கு வாங்க."

"சனிக்கிழமை வேலை செய்வதில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நாலு மணிக்குச் சாப்பிட வருவார்கள்."

"நானும் என் குடும்பத்துக்காகத்தானே கேக்கறேன்! எங்க அப்பா எங்க படுப்பார்?"

மணி நாலு. "உருளைக்கிழங்கு ஆறிப்போகும்" என்று சுத்தியலை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள். தினமும் நாலு மணிக்கு வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கேட்கிற அதே வாக்கியம்தான். அன்றைக்கு மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உருளைக்கிழங்காம், பெரிய உருளைக்கிழங்கு!" என்று சுத்தமான நாகர்கோவில் தமிழில் உங்கள் வண்டி தெரு முனை திரும்பும்வரை திட்டினேன். என் வீட்டுக்காரர் செல்வின், "மெதுவா பேசு, நெய்பர்ஸ் இருக்காங்க" என்று ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் காலை என் சின்ன மகள் கத்தினாள்: "மாம்! தே ப்ராட் எ டேபிள்!"

வண்டி வண்டியாக வந்து இறங்கினீர்கள். மகன்கள், மருமகன்கள், மகள்கள், இடுப்பில் குழந்தைகள், எல்லாருக்கும் பின்னால் இரண்டு பேர் தூக்கிவந்த உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. "சனிக்கிழமை குடும்பத்தை விட்டு வரமாட்டேன்" என்றீர்கள். "அதனால் கூட்டிக்கொண்டு வந்தேன்." முந்தின நாள் நான் திட்டியதைச் செல்வின் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

நாலு மணிக்குள் கூரை ஏறிவிட்டது. நீங்களே ஒரு பச்சைக் கிளையை உச்சியில் கட்டினீர்கள். "எங்கள் ஊரில் கூரை ஏறிய அன்று வீட்டுக்காரர்தான் சாப்பாடு போட வேண்டும்" என்று சிரித்தீர்கள். அட, எங்கள் ஊரிலும் அதேதான்! ஆசாரிக்கு வேட்டியும் கொடுக்க வேண்டும். உள்ளே ஓடினேன். அப்பா வந்ததும் கட்டட்டும் என்று வாங்கி, போனில் அவரிடம் சொல்லியும் வைத்திருந்த கோடி வேட்டிதான் இருந்தது. கொண்டுவந்து உங்கள் கையில் வைத்தேன். உங்கள் மனைவி, "எவ்வளவு அழகான விரிப்பு!" என்று வாங்கி ஒரே உதறாக மேஜையில் விரித்துவிட்டார். யார் என்ன சொல்வது? சொல்ல வாயெடுப்பதற்குள் என் மீன் குழம்பு மேஜைக்கு வந்துவிட்டது, உங்கள் பேரன் கிண்ணத்தைச் சாய்த்தும்விட்டான். உங்களுக்கோ காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகியது. ஆனாலும் மறுசோறு வாங்கினீர்கள்.

அப்பா சொன்ன தேதியில் வந்தார். அந்த அறையில்தான் இன்றைக்கும் இருக்கிறார். வந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நம் இரண்டு குடும்பமும் உங்கள் வீட்டில் சாப்பிட்டோமே, அப்போது விரிப்பின் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு என் காதில், "இது எனக்க வேட்டியில்லா மக்களே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி விடு, நல்ல எடத்துலதான் கெடக்கு" என்று தட்டை அதன்மேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

உங்களுக்குப் பிறகு சனிக்கிழமைச் சாப்பாடு நின்றுபோயிற்று, யாருக்கும் கூடுவதற்கு மனசில்லை என்றாள் உங்கள் மகள். அதெப்படி நிற்கும்? நான் விடுவேனா? வாசலிலேயே வைத்துச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாளை சனிக்கிழமை. உங்கள் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இங்கே வருகிறார்கள். அப்பாவின் அறையில் எங்கள் மேஜையைப் போட்டு வேட்டியை விரித்துவிட்டேன், கறை மேலே தெரியும்படி. தலைமாட்டில் அப்பா உட்காருவார், உங்கள் கூரைக்குக் கீழே. நாலு மணிக்குச் சாப்பாடு. உருளைக்கிழங்கு நான் வேகவைக்கிறேன். ஆற விடமாட்டேன்.