ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு நீலம்

மார்ச் 3, திங்கள்

பின் ரூமுக்கு வயரிங் ஆரம்பிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை மக கைக்குழந்தையோட வந்து அங்கதான் தங்கப் போறா. வீட்டுக்காரரும் எலக்ட்ரீஷியன், என் தம்பியும் எலக்ட்ரீஷியன். "உனக்கென்னக்கா குறை"ங்கறாங்க அக்கம்பக்கத்துல. ரெண்டு பேரு கிண்டுன கஞ்சி அடிப்பிடிச்ச கதை அவங்களுக்கென்ன தெரியும்?

ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. தம்பி வெளியூர்ல வேலை பாத்துட்டு வந்தவன். ஒரு நாள் ஆளுங்க முன்னாடி, "மாமா, செவப்பு கறுப்பெல்லாம் போயாச்சு. இப்ப பிரவுனு, நீலம்தான்"னுட்டான். இவரு, "நீ டவுசர் மாட்டறதுக்கு முன்னாடியே வயர் மாட்டினவன்டா நான்"னாரு. அதோட சரி.

காலையில இவரு மெயின்லேர்ந்து நடை வரைக்கும் இழுக்கறாரு. இவரு போனப்புறம் தம்பி வந்து, ரூம்லேர்ந்து நடைக்கு இழுக்கறான். நடைச் செவுத்துல ஒரு ஜங்ஷன் பெட்டி. வயருங்க அதுல சந்திக்கும். ஆளுங்க சந்திக்க மாட்டாங்க.

மார்ச் 5, புதன்

"பெட்டியில வயர் விட்டிருக்கேன், அவனுக்குத் தெரியும்னு சொல்லு"ன்னாரு. சொன்னேன். "தெரியும்னு சொல்லுக்கா"ன்னான். மத்தளமாவது அடி வாங்கினா தாளம் போடும். நான் வெறும் தபால்காரி.

லைட்டு எரிஞ்சுது. அப்பாடா.

மார்ச் 6, வியாழன்

இடது கையால எழுதறேன்.

ஹோல்டர்ல பெயிண்ட்டு ஒட்டியிருந்துச்சு. சுவிட்ச அணைச்சுட்டுத்தான் ஸ்டூல்ல ஏறினேன். பல்பைக் கழட்டி, ஈரத்துணிய விட்டுத் துடைச்சேன் — தூக்கி எறிஞ்சிருச்சு! முழங்கை வீங்கிப் போச்சு. சுவிட்சு அணைச்சபடியே இருக்கு. அப்ப கரண்டு எங்கேர்ந்து வந்துச்சு? என் மக ஏறியிருந்தா? இடுப்புல பிள்ளையோட?

அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. தெருவுலேர்ந்து வீட்டுக்கு வர்றது மூணு லைனு — செவப்பு, மஞ்சள், நீலம். கறுப்பு நியூட்ரல், அதுல கரண்டு அடிக்காது. பின் ரூமுக்கு நீல லைன்லேர்ந்து எடுத்ததால இவரு நீல வயரே போட்டிருக்காரு. இவருக்கு நீலம் கடிக்கும், கறுப்பு சாது. தம்பிக்கு நீலம்தான் சாது, கறுப்பும் பிரவுனும் கடிக்கும். மாமா தன் முறைக்கு மாறிட்டாருன்னு நெனச்சு அவன் நீலத்தோட நீலத்தச் சேத்து, கறுப்போட பிரவுனச் சேத்துட்டான். மாத்திக் குடுத்தாலும் லைட்டு எரியுமாம். ஆனா அணைச்சா, கரண்டு சுவிட்சோட நிக்காம ஹோல்டர் வரைக்கும் வந்து உக்காந்திருக்குமாம்.

"டெஸ்டர் வெச்சுப் பாக்கலையாடா?"

"அவரு இழுத்ததுல டெஸ்டர் வெச்சா, மாமாவை நம்பலேன்னு ஆயிடும்க்கா."

இவருகிட்ட கேட்டேன், ஏன் சொல்லலேன்னு. "அவன் கேட்டானா?"

ரெண்டு பேரும் அவங்கவங்க முறைப்படி சரி.

மார்ச் 7, வெள்ளி

மெயினை அணைச்சு, பின் ரூம் ப்யூஸ் கட்டையப் பிடுங்கி வெச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் அந்தப் பெட்டி முன்னாடி நின்னு வாயத் தொறந்து பேசினாத்தான் தருவேன்.

"என்கிட்ட வேற கட்டை இல்லையா?"ங்கறாரு.

"இருக்கும். வேற பொண்டாட்டி இருக்காளா?"

மார்ச் 8, சனி

மக போன் பண்ணினா. "துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேம்மா. ரூம் ரெடிதானே?" வாய் வரைக்கும் வந்துச்சு, வராதடீன்னு. ம்-னு மட்டும் சொன்னேன். தம்பிய இன்னும் காணோம். வரமாட்டானோ? எங்கப்பா பிடிவாதம் அப்படியே.

சாயங்காலம்: வந்தான். செருப்பு கூட கழட்டல. பெட்டியப் பாத்துக்கிட்டே, "மாமா, உங்க கலரே இருக்கட்டும். நான் என்னுத மாத்திடறேன்"னான்.

இவரு பெட்டி மூடியத் தொறந்து பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "நாம ரெண்டு பேரும் இல்லாத அன்னிக்கு எவனோ இதத் தொறப்பான். அவன் உன் முறை படிச்சவனாத்தான் இருப்பான். என்னுத உருவு, மாப்ள. டெஸ்டர் வை. நான் போட்டதுன்னாலும் வை."

கட்டையக் கையில குடுத்தேன். "முடிச்சுட்டு மாட்டிக்கலாம், பத்திரமா வை"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.

மார்ச் 9, ஞாயிறு

வேலை முடியறதுக்குள்ள மக வந்துட்டா. பைப்புக்குள்ள புது பிரவுன், நீல வயர் போக, இந்த முனையில ஒருத்தரு தள்ளணும், அந்த முனையில ஒருத்தரு இழுக்கணும். "விடுங்க மாமா", "இழுடா மாப்ள"ன்னு வீடே அதிர்ந்துச்சு. குழந்தை முழிச்சுக்கிச்சு. "ரெண்டு பேரும் வாய மூடுங்க"ன்னு மக ஒரு சத்தம் போட்டா.

மூடிக்கிட்டாங்க. இப்ப பேச்சுக்குப் பதிலா இவரு இங்கேர்ந்து வயர ஒரு சுண்டு சுண்டறாரு. அங்கேர்ந்து தம்பி ஒரு சுண்டு சுண்டறான். நீல வயரு கொஞ்சம் கொஞ்சமா நகருது.