கமிட்டி மேஜையில் ஒரு டியூப் துண்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. உன் சுகத்தை எழுது, ஆனால் வழக்கம்போல நலம் கவலை வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா, அந்த இருமல் போனதா என்று தனித்தனியாக எழுது. தங்கச்சி நர்சிங் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், எப்படி எழுதினாய் என்று கேட்டால் "பேஷன்ட் பொழைச்சிருவான்" என்கிறாள், அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் பிடுங்க முடியவில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்தது, பிளம்பர் எதற்கு என்று அப்பாவே ஸ்பேனரோடு இறங்கினார், வீடு முழுக்கக் குளமானதுதான் மிச்சம். கடைசியில் பிளம்பர் வந்து சரி செய்துவிட்டு, போகும்போது அப்பாவுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

போன தடவை போனில் நீ கேட்டதற்கு, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பதில் வரவில்லை. "நாங்க மலை மேல காவல் போஸ்ட்டுக்கு ஏறுறதுக்குள்ள புதுத் துப்பாக்கி வந்துருமாம்மா, எல்லாம் உங்க ஆபீஸ்லதானே நடக்குது" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். சிரிப்பு எது, கேள்வி எது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அந்தப் பதிலை எழுதத்தான் உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

அம்மா ஆபீஸில் ஸ்டெனோ என்பதுதான் உனக்குத் தெரியும். படைக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கிற கமிட்டி கூடும்போதெல்லாம் மூலையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் குறித்து டைப் அடிப்பது நான்தான். இந்தக் கமிட்டி ஆரம்பித்தபோது நீ ஸ்கூல் பையைத் தூக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாய். உனக்கு மீசை முளைத்து, படையில் சேர்ந்து, நீ பிறப்பதற்கு முன்னால் செய்த துப்பாக்கியை உன் கையில் கொடுத்தும் ஆயிற்று, கமிட்டி இன்னும் நடக்கிறது. சேர்மன்கள் வருவார்கள், மாலை வாங்குவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஒருவர் வந்து ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமான குழாய் மாட்ட வேண்டும் என்று சேர்ப்பார். அடுத்தவர் வந்து இதென்ன உரல் மாதிரி கனக்கிறது, எடையைக் குறை என்பார். எடையைக் குறைத்தால் அதற்கடுத்தவர் வந்து சுடும்போது ஆடுகிறதே என்பார். இதற்குள் கம்பெனிக்காரன் அந்த மாடலைச் செய்வதையே நிறுத்தியிருப்பான். இப்போது இருக்கிற சேர்மனுக்கு ஆபீஸில் நாங்கள் வைத்த பெயர் முதல்லேர்ந்து சார். எதைப் பேசினாலும் "எதுக்கும் முதல்லேர்ந்து ஒரு தடவை பார்த்துருவோமே" என்பார், உடனே டீ வரும், பிஸ்கட் வரும், எல்லோரும் முதலிலிருந்து பார்ப்பார்கள். அந்த பிஸ்கட் வாசனை வந்தாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது.

போன கோடையில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டாய். கடைசிக் கட்டமாகப் புழுதியில் வைத்துச் சுட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றுதான் பாக்கி. கோடைக்காகக் காத்திருந்தார்கள். கோடையும் வந்தது, மாதிரித் துப்பாக்கிகளைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனோம். போய்ப் பார்த்தால் மைதானம் முழுக்கப் பச்சைப் பசேல் என்று புல். சோதனையைப் பார்க்க மந்திரி வருகிறார் என்று யாரோ ஒரு புத்திசாலி புல் பதித்துத் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறான். மந்திரி புல்லைப் பாராட்டிவிட்டுப் போனார், புழுதி இல்லாததால் சோதனை தள்ளிப்போனது. பிறகு லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு முதல்லேர்ந்து சார், இது இயற்கையாகப் படிந்த புழுதி இல்லை, வெளியிலிருந்து வந்த புழுதி, விதிப்படி செல்லாது என்றார். நான் அதையும் குறித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய! அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிகள் திரும்பி வந்து ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கிடக்கின்றன.

அதே மந்திரியைச் சுற்றி நின்ற பாதுகாவலர்கள் கையில் இருந்ததெல்லாம் பளபளவென்று புதுத் துப்பாக்கி. அவை வாங்கப்பட்டது யாருக்கும் தெரியாது, புழுதியும் பார்க்கவில்லை, புல்லும் பார்க்கவில்லை. டிவியில் அதைக் காட்டியபோது அப்பா, "இவரை யாருடா சுடப் போறான்" என்று சொல்லி டிவியை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் வெகுநேரம் வரவில்லை.

இனிதான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. நீ லீவில் வந்தபோது உன் பையிலிருந்து கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் விழுந்ததே, தங்கச்சி அதை எடுத்து முடியில் மாட்டிக்கொண்டாள், நீ வெடுக்கென்று பிடுங்கினாய். என்னடா என்று கேட்டதற்கு, தோட்டா அடைக்கிற மேகசின் நிற்கிற கொக்கி தேய்ந்துபோய்விட்டது, ஓடும்போது கழன்று விழுந்துவிடுகிறது, அதனால் எல்லோரும் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கட்டி வைத்திருக்கிறோம் என்று ஏதோ செருப்பு வாரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாய். நீ கிளம்பிய பிறகு கட்டிலுக்கடியில் உன் டியூப் துண்டு ஒன்று கிடந்தது. அதை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டே ஆபீஸ் போய்வந்தேன், ஏன் என்று கேட்காதே.

இந்த மாதம் கமிட்டி கூடியது. புதுத் துப்பாக்கியின் கைப்பிடி கறுப்பாக இருக்கலாமா, பச்சையாக இருக்கலாமா என்று டீ ஆறும்வரை பேசினார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, பேகிலிருந்து அந்த டியூப் துண்டை எடுத்து பிஸ்கட் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "சார், என் பையன் மேகசின் விழாம இதைக் கட்டிக்கிட்டுத்தான் காவல் நிக்கிறான், அடுத்த மாசம் மலைப் போஸ்ட்டுக்குப் போறான், கறுப்போ பச்சையோ எதையாவது குடுங்க சார்" என்றேன். சொல்லும்போதே கொஞ்சம் அழுகையும் வந்துவிட்டது. முதல்லேர்ந்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அடடா, இவர்களுக்கும் சூடு சொரணை இருக்கிறது, உறைத்துவிட்டது என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

சார் அந்தத் துண்டை எடுத்து இழுத்து இழுத்துப் பார்த்தார். களத்திலிருந்து நேரடியாக வந்த அருமையான கருத்து, இத்தனை நாள் நாம் எப்படி இதை யோசிக்காமல் விட்டோம் என்றார். புதுத் துப்பாக்கியில் மேகசினைச் சுற்றி ரப்பர் கட்டுவதற்கு வசதியாக ஒரு பள்ளம் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளில் சேர்க்கச் சொன்னார். கொக்கி தேயாத துப்பாக்கி வாங்குவதற்குத்தானே இந்தக் கமிட்டியே என்று அங்கே ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள். நிபந்தனை மாறிவிட்டால் பழைய டெண்டர் செல்லாது, புது டெண்டர், புது மாதிரி, மறுபடி குளிரில் ஒரு சோதனை, மறுபடி புழுதியில் ஒரு சோதனை. எல்லாம் முதலிலிருந்து. என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றிம்மா, இதையும் மினிட்ஸ்ல சேர்த்துருங்க" என்றார். என் பிள்ளைக்காக நான் திறந்த வாயே என் பிள்ளைக்கு வர வேண்டியதை இழுத்து நிறுத்திவிட்டது. அதை என் கையாலேயே டைப் அடித்தேன். அடித்து முடித்துவிட்டு வாஷ்பேசினில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் அருவருப்பு போகவில்லை. அவர்கள் திருடர்களாக இருந்தால்கூடத் தேவலை, பிடித்துக் கொடுக்கலாம். இவர்கள் எல்லோரும் மரியாதையானவர்கள், சாயங்காலம் பேரப்பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அந்தப் பொம்மையை வாங்க மட்டும் ஒருவரும் கமிட்டி போடுவதில்லை.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், வராது கண்ணு. நீ மேலே ஏறுவதற்குள் வராது, இறங்குவதற்குள்ளும் வருமா என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உன்னை எதிர்பார்க்க வைப்பதைவிட இதுவே மேல் என்று அப்பாவும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஞ்சர் கடை அண்ணனிடம் போய் பழைய டியூப் இருந்தால் பட்டையாக வெட்டிக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். பிறகு பழையது எல்லாம் வெடித்திருக்கும் என்று சொல்லி, விற்பதற்காக மேலே தொங்கவிட்டிருந்த புது டியூபை இறக்கி, கவரைக் கிழித்து, அங்கேயே உட்கார்ந்து வெட்டினார். "உங்க பையனுக்கு மட்டும் போதுமா, கூட இருக்கிற பசங்களுக்கு" என்று கேட்டுவிட்டு இன்னொரு டியூபையும் இறக்கினார். எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கிறது. யாரும் யோசித்துத் தள்ளிப்போடாமல் உனக்கென்று உடனே கிடைத்த புதுச் சாமான் இது ஒன்றுதான்.

அப்பா, அம்மா ஆசீர்வாதம் உனக்கும் உன்னோடு நிற்கிற பிள்ளைகளுக்கும் எப்போதும் உண்டு. தங்கச்சி இருமல் மருந்து வைத்திருக்கிறாள், வீம்பு பண்ணாமல் குடி. ஒன்று மட்டும் மறக்காதே, அதிகக் குளிரில் ரப்பர் வெடித்துவிடும் என்று பஞ்சர் கடை அண்ணன் சொன்னார், அதனால் கட்டியது போக ஒரு துண்டை எப்போதும் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா