விட்டு வாசித்த கொட்டு

குத்துக்கல்வலசை,
ஆனி மாதம், ஞாயிறு மாலை.

அன்புள்ள மகாராஜாவுக்கு,

உன் ஜெபமலர் டீச்சர் எழுதுவது. உன் அப்பா எழுந்து நடமாடுகிறார், இரண்டு வேளையும் கஞ்சி குடிக்கிறார். முதலில் இதைப் படித்துக்கொள். மற்றதை ஆற அமரப் படி.

மாதக் கடைசியில் நீ ராணுவ முகாமிலிருந்து கீழே இறங்கி ஃபோனைத் திறக்கும்போது உன் அப்பாவின் வீடியோ ஒன்று வந்து கிடக்கும். அச்சன்புதூர் வரைக்கும் அது சுற்றிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பனிமலையில் நீ தனியாகத் தவிக்கக் கூடாது என்றுதான், உன் அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

நம் தெருமுனை நெல் குடோனில் நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு கச்சேரி வைப்பது உனக்குத் தெரியும். கிங்ஸ்லி தன் கடையிலிருந்து மைக்கும் ஸ்பீக்கரும் கொண்டுவருவான். ஜெஸி சுக்குக் காப்பி போடுவாள். நான் நாற்காலிகளை வரிசை போட்டுவிட்டு வாசலில் நிற்பேன். தலைவர், செயலாளர் என்று யாரும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பெருமையாக இருந்தது, போன சனிக்கிழமை வரைக்கும்.

அன்று கீழப்பாவூர்ப் பிள்ளைகளின் நாட்டுப்புற இசைக்குழு வந்திருந்தது. உருமி மேளம், மகுடப் பறை, நாதஸ்வரம், கூடவே ஒரு கிடார். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்களெல்லாம் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். வெளியே சாரல். நீ அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உன் அப்பாவும் வந்தார். மழைக்கு வீட்டிலேயே அடைந்து கிடக்க முடியவில்லையாம், ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். எனக்கு யோசனைதான். கொடைத் திருவிழாவில் மாடசாமிக்கு ஆடிவந்தவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு சாமியாடவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், போன ஆவணிக் கொடைக்கு உன் அம்மா அவரைச் செங்கோட்டையில் உன் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டதும் தெருவுக்கே தெரியும்.

அதனால் உருமி வாசிக்கும் குற்றாலிங்கத்திடம் முன்னாலேயே கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். மாடசாமியை அழைக்கும் கொட்டை மேடையில் முழுதாக வாசிப்பதில்லையாம். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி அடியை விட்டுவிடுவார்களாம். முகவரியில் ஊர்ப்பெயரை எழுதாமல் தபால் பெட்டியில் போடுகிற மாதிரி, சாமிக்குப் போய்ச் சேராது என்று நான் புரிந்துகொண்டேன். அப்பாவை முன்வரிசையிலேயே உட்கார வைத்தேன்.

கடைசிப் பாட்டுக்கு அந்தக் கொட்டை எடுத்தான். சொன்னபடியே ஓரடி விட்டுத்தான் வாசித்தான். சனங்களின் உற்சாகத்தைப் பார்த்த கிங்ஸ்லி மைக்கைப் பிடித்து, எல்லோரும் சேர்ந்து கைதட்டுங்கள் என்றான். தட்டினார்கள். குழு எந்த அடியை விட்டதோ சரியாக அந்த அடியில் தட்டினார்கள். எல்லாரும் நம் ஊர்க்காரர்கள்தானே, எந்த இடத்தில் என்ன விழ வேண்டும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். நானும் தட்டினேன்.

மூன்றாம் சுற்றில் உன் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தார்.

குற்றாலிங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. நிறுத்து என்று கையைக் காட்டினேன். அவன் வாசித்தபடியே அழாத குறையாகச் சொன்னான்: “பாதியில நிறுத்துனா அப்படியே விழுந்துருவாரு டீச்சர். சாமியாப் பார்த்து எறங்கணும்.” வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையை நடுவில் மறித்தால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும், தெரியுமா? இங்கே முதலிலிருந்து ஆரம்பிக்க அந்த நெஞ்சில் பலமில்லை. அவன் வாசிக்கவும் பயந்தான், நிறுத்தவும் பயந்தான்.

அப்பா மேல் வந்த சாமி எங்களைப் பார்த்து, இந்த இடத்துக்காரன் யாருலே, என்னை யார் அழைத்தது என்று கேட்டது. இடத்துக்காரர் வந்து பதில் சொல்லித் திருநீறு கொடுத்தால்தான் இறங்கும் என்றார்கள். கிங்ஸ்லி ஜெஸியைப் பார்த்தான், ஜெஸி என்னைப் பார்த்தாள். எங்களில் யார் இடத்துக்காரர்? நான்தான் என்று கடைசியில் நான் போய் நின்றேன். சாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ இல்லை என்று தள்ளிவிட்டு ஆடியது.

அதற்குள் யாரோ சொல்லி உன் அம்மா மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் சாமி நின்றது. “இவன ஏன்ட்டி அடைச்சு வச்சிருக்க?” என்று கேட்டது.

அவள் காலில் விழுந்து இறங்கிப் போகச் சொல்லிக் கெஞ்சுவாள் என்று நினைத்தேன். விழத்தான் செய்தாள். ஆனால் சொன்னது இது: “ஆவணிக் கொடைக்கு இவுகள ஆட விடுதேன். எம்மவன முழுசா எங்கிட்ட கொண்டாந்து சேத்துரு.”

சாமி சரி என்று தலையாட்டியது. பக்கத்துக் கடைச் சாமி படத்திலிருந்து எடுத்து வந்த திருநீற்றை அவளே பூசினாள். உருமி நின்றது. அப்பா நாற்காலியில் சாய்ந்து, எல்லாரும் ஏன் நிற்கிறீர்கள், கச்சேரி முடிந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. அம்மா கொடுத்த வாக்கும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

தென்காசியில் டாக்டரிடம் காட்டினோம். இந்த முறை தப்பித்தார், இன்னொரு முறை இதயம் தாங்காது என்றார். வரும் வழியிலேயே உன் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். பயத்தில் சொன்ன சொல்லைச் சாமி பெரிதாக எடுத்துக்கொள்ளாது, பரீட்சை பயத்தில் தப்பாக எழுதிய பிள்ளையை நாம் மன்னிப்பதில்லையா என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “நான் சொல்ல மாத்துனா, அங்கன துப்பாக்கியோட நிக்கவனுக்கு என்ன ஆகும் டீச்சர்?”

அதற்குமேல் உதாரணங்களை விட்டுவிட்டு வழி தேடிக் கிளம்பினேன்.

உங்கள் மாடசாமி கோயில் பூசாரி அண்ணாச்சியிடம் போனேன். மகன் வந்து தகப்பனுக்குப் பதிலாக ஆட்டக் கச்சை கட்டிச் சாமிக்கு முன் நின்றால், தகப்பன் திருநீற்றுத் தட்டோடு ஒதுங்கிக்கொள்ளலாம், வாக்குத் தவறியதாகாது என்றார். இதை மகாராஜாவுக்கு எழுதட்டுமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். வேண்டாம், லீவு கிடைக்காவிட்டால் பிள்ளை அங்கே சோறு தண்ணி இல்லாமல் கிடப்பான் என்றுவிட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான். லீவு உன் கையில் இல்லை. சாமி யார்மேல் வரும் என்பது யார் கையிலும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் எழுதிவிட்டேன். என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

குடோனைப் பூட்டிச் சாவியைக் கிங்ஸ்லி என்னிடம் கொடுத்துவிட்டான். குற்றாலிங்கம் தினமும் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். ஆவணி முதல் வெள்ளி கொடை. வீட்டில் சலங்கையைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் ஜெபிக்கும்போது உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் சேர்த்தே சொல்கிறேன், ராசா. ஒருவரைக் கொடுத்து ஒருவரைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. இருவரையும் கேட்கிறேன். கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரே வாசலில் நிற்க வைக்கட்டும்.

உன்மேல் பிரியமுள்ள,
ஜெபமலர் டீச்சர்.