முத்திரைமேல் மஞ்சள்

1938, தை மாதம், வியாழன் இரவு.

பக்கத்து வீட்டுக் கோமதி பினாங்கிலுள்ள கணவனிடம் போக வேண்டும். கல்யாணம் நடந்ததற்கு நோட்டரி வக்கீல் முத்திரையிட்ட சான்று இல்லாமல் கரையிறங்க விடமாட்டார்களாம். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிக் கொடுத்தேன். நல்ல காரியத்துக் காகிதமாயிற்றே என்று அவள் தாய் பேச்சியம்மாள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். ஈரம் இறங்கி முத்திரையின் மை கலைந்துவிட்டது. திங்கட்கிழமை நாகப்பட்டினத்துக்கு ரயிலேற வேண்டும்.

இன்று மூவரும் மறுபடி போனோம். வக்கீல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, குங்குமத்தை மட்டும் ஏன் விட்டுட்டீக?"

"அதை நாளைக்கு வெள்ளிக்கிழமை வைக்கலாம்னு இருந்தேன், ஐயா."

கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். வக்கீல் சிரித்தபடியே புதிதாக எழுதி முத்திரையிட்டார்.

எனக்கும் கோபம் வரவில்லை. கணக்கோ பூகோளமோ, என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் முதலில் பிள்ளையார் சுழிதான் போடுவார்கள். அதற்கு நான் ஒருநாளும் மதிப்பெண் குறைத்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏட்டி, அந்தக் காயிதத்தை நான் வச்சிக்கிடுதேன்" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"வேண்டாம்மா. நீ என் கையைப் பிடிச்சிக்கோ."

ராஜபாளையம் வரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.