உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

என் பி.டி. டீச்சருக்கு,

உன்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப் போனதிலிருந்து வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் உள்ளங்காலில் இருந்த கரும்புள்ளி மெலனோமா, தோலில் வரும் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். நீதான் கேட்டாய்: "எவ்வளவு ஆழம் போயிருக்கு டாக்டர்? எப்ப எடுக்கலாம்?"

மறுநாளே உன் ஓட்டப்பந்தயப் பிள்ளைகளை உட்காரவைத்து, "ஷூவைக் கழட்டுங்க, எல்லார் பாதத்தையும் பார்க்கணும்" என்றாயாம். வாட்ச்மேன்கூடத் தப்பவில்லையாம்!

இன்று காலை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "உங்களுக்குப் பயமா இருக்கா?" என்றாய்.

"சேச்சே, இல்லை" என்றேன்.

"எனக்கு இருக்கு. கையைப் பிடிச்சுக்கோங்க" என்றாய். அப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு ஏது?

இதோ, நர்ஸ் வந்துவிட்டார். புள்ளியை முழுசாக எடுத்துவிட்டார்களாம். நீ கண் விழித்துவிட்டாயாம். உள்ளே வருகிறேன். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேள். இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்